தட்டு ஏந்துவோர் கவனத்துக்கு

ஜனவரி 8, திங்கள்

மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தேன். இருக்கிறது. ஓடுமா என்று கேட்டதற்கு மேனேஜர் சிரிக்கிறார். வரும் வழியில் குடிநீர் கேனுக்குச் சொல்லியாயிற்று.

மத்தியானம் ஷில்லாங்கிலிருந்து போன். மாப்பிள்ளையின் அக்கா இபான்ரி. என் மகள் ரஞ்சனி கட்டிக்கொள்ளப் போகும் கிர்மென் மேகாலயாக்காரப் பையன். பெங்களூரில் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறார்கள். அப்பா காலமாகிவிட்டார். அம்மா மெரிடா, அக்கா இபான்ரி, ஒரு தாய்மாமா, மற்றும் சொந்தங்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவர்கள் பாஷை நமக்குத் தெரியாது. இந்தி இரண்டு பக்கமும் அரைகுறை. ஆக எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

"அங்கிள், நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் தட்டு ஏந்தி வர வேண்டும் என்று ரஞ்சனி சொல்கிறாள். எந்தத் தட்டு முதலில், எது பின்னால், யார் எதைத் தூக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். நாங்கள் தப்பாக ஏதாவது செய்து உங்களுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது" என்றது அந்தப் பெண். நல்ல வளர்ப்பு.

தெளிவாக எழுதுவதற்கு என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. வேலை பார்த்த காலம் முழுக்க நூல் மில் ஆபீஸில் ஆங்கிலச் சுற்றறிக்கை எழுதியவன். எந்த ரக நூல் சுற்றிய கோனை எந்த அடுக்கில் வைப்பது என்று நான் எழுதி ஒட்டியதைப் படித்துவிட்டு, புரியவில்லை என்று யாரும் வந்து நின்றதில்லை.

ஜனவரி 11, வியாழன்

எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. முதல் தட்டு மஞ்சள், குங்குமம். அடுத்து வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ, பழம், சர்க்கரை, புடவை, கடைசியில் நகை. எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டுமே என்று பழத்தை இரண்டு தட்டாகப் பிரித்தேன். மஞ்சள் என்றால் கிழங்கு, தூள் அல்ல என்று தனியாக எழுதினேன். பாக்கெட்டோடு வந்து நின்றுவிடக் கூடாதல்லவா.

யார் தூக்க வேண்டும் என்ற இடத்தில் மட்டும் பேனா சற்று நின்றது. தமிழில் இதை எழுதவே தேவையில்லை, அவரவருக்குத் தெரியும். மிஞ்சினால் சுமங்கலிகள் என்று ஒரு சொல். மற்றவர்கள் தாமாக விலகிக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அப்படிச் சொல் இல்லை. கடைசியில் 'எலிஜிபிள் லேடீஸ்' என்று போட்டேன். தகுதியுள்ள பெண்கள். கண்ணியமாகவும் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று.

ஜனவரி 12, வெள்ளி

இபான்ரியிடமிருந்து பதில்: எங்கள் பக்கம் 'எலிஜிபிள் லேடி' என்றால் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண். அப்படி ஒரே ஒருத்திதான் வருகிறாள், சித்தி மகள். ஒன்பது தட்டையும் அவளே தூக்குவாளா, அங்கிள்?

சிரிக்கும் பொம்மைகள் வேறு போட்டிருக்கிறது.

ஜனவரி 13, சனி

'ஆஸ்பிஷியஸ் லேடீஸ்' என்று மாற்றி அனுப்பினேன். மங்களகரமான பெண்கள்.

மாலையில் கேள்வி வந்தது: அப்படியென்றால் கர்ப்பிணிகளா?

சமையல்காரர் வத்தக்குழம்பு வேண்டுமா, மோர்க்குழம்பு வேண்டுமா என்று முடிவு கேட்கிறார். இரண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

என் மனைவி கோமதி பானை ஏற்றினாள். உலகு புறவாசலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். பால் பொங்கியதும் சத்தம் கேட்டு அங்கிருந்தே "பொங்கலோ பொங்கல்" என்றாள். எப்போதும் போலத்தான்.

உலகம்மாள் என் தங்கை. அவள் வீட்டுக்காரர் லாரி மோதி இறந்த வருஷம் இங்கே வந்தவள். எனக்குக் கல்யாணமான புதிது அப்போது. அவளுக்குப் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. கோமதி தபால் ஆபீஸுக்குப் போய்விடுவாள் என்பதால் ரஞ்சனியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலைவாரி வளர்த்தது எல்லாம் உலகுதான். அவளை நான் ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன். டிவி ரிமோட் அவள் கையில்தான் இருக்கும். கிரிக்கெட் என்றால் இந்த வீட்டில் யாரும் சேனல் மாற்ற முடியாது.

ஜனவரி 16, செவ்வாய்

'மேரீட் லேடீஸ்' என்று நேற்று மாற்றி அனுப்பினேன். கல்யாணமான பெண்கள். இதில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

இன்று ஒரு வீடியோ வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மெரிடா, தன் வீட்டு முற்றத்தில், எவர்சில்வர் தட்டில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டு நடந்து பழகுகிறார். குள்ளமான அம்மாள். வலது காலை முன்வைத்து, நிறுத்தி, மறுபடி. யாரோ பின்னாலிருந்து சிரிக்கிறார்கள். ஒரு பழம் உருண்டு விழ, அம்மாளும் சிரிக்கிறார். கீழே இபான்ரி எழுதியிருக்கிறது: "அம்மாதான் முதல் தட்டு. மூத்தவர், கல்யாணமானவர். நேற்றிலிருந்து இதே வேலை."

கோமதியும் உலகுவும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். உலகு இரண்டாவது தடவை போடச் சொன்னாள்.

"ஏ மதினி, எவ்ளோ அழகா நடக்காவ பாரேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவியளும் தட்டு தூக்கலாமாண்ணே?"

"பாப்போம்" என்றேன்.

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உலகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, மாவுக்கை என்று சொல்லிக் கழுவப் போனாள். கையில் மாவு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஜனவரி 18, வியாழன்

கடையநல்லூரில் பெரியப்பா மகன் சிதம்பரம் அண்ணனுக்குப் பத்திரிகை வைத்தோம். குடும்பத்தில் இப்போது மூத்தவர் அவர்தான். அவர் இந்த விஷயங்களில் கறார். அவருக்காகத்தான் இவ்வளவும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் இபான்ரிக்குப் பெரியவர்கள் விருப்பம் என்று எழுதிவிடலாம் என்று பேச்சை எடுத்தேன்.

"மாப்பிள்ளைக்கு அம்மை தாலியறுத்தவ. அவிய முன்தட்டு தூக்கப் போறாவளாம். சபையில பேச்சு வரும்லாண்ணே?"

அண்ணன் பத்திரிகையைத் தூரப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பெத்தவ தூக்காம பெறகு எவன்டே தூக்குவான்? எம் பேத்தி கல்யாணத்துல தாலியறுத்த எம் மதினிதானே முன்னால போனா. ஏன், நம்ம உலகுவ இன்னுமா நீ பின்னால நிக்க வச்சிருக்க?"

கோமதி என்னைப் பார்க்கவில்லை. பேருந்திலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது. எதையோ பேசுகிறார்.

ஜனவரி 19, வெள்ளி

காலையில் கோமதியிடம், "உனக்குத்தானே இதெல்லாம் ஆகாது. உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் பாக்கேன்" என்றேன்.

பருப்பைக் கடைந்துகொண்டிருந்தவள் மத்தை நிறுத்தினாள்.

"எனக்கா? நான் எப்பங்க சொன்னேன்? ரஞ்சனி வயித்துல இருக்கையில எனக்கு வளகாப்பு போட்டப்போ, உலகுவ முன்னால கூப்புடாதன்னு என் காதுல வந்து சொன்னது யாரு?"

"மொத தடவ அவ வளையல் போட்டு..."

"மொத புள்ள போனதுக்கு அவளா காரணம்? விடிய விடிய வலில துடிச்சேன். விடியட்டும், விடியட்டும்னு ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோனது யாருங்க?"

இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம்.

ஜனவரி 21, ஞாயிறு

'கணவர் உள்ள பெண்கள்' என்று எழுதினேன். அத்தை ஒருவரின் கணவர் ராணுவத்தில் எல்லையில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை, அவர் இல்லாமல் அத்தை மட்டும் வந்தால் தூக்கலாமா என்று உடனே கேள்வி. அந்தப் பெண் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சரியாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்து கடைசியாக எழுதிவிட்டேன். தட்டுகளைக் கணவர் உயிரோடுள்ள பெண்கள் மட்டுமே ஏந்த வேண்டும். கணவரை இழந்தவர்கள் தட்டைத் தொடாமல், ஊர்வலத்தில் சேராமல், பின்புறம் இருந்துகொள்ள வேண்டும். 'லேடீஸ் ஹூஸ் ஹஸ்பண்ட்ஸ் ஆர் லிவிங்.' பிழை கிடையாது. இரண்டு அர்த்தம் கிடையாது. யார் படித்தாலும் ஒரே மாதிரிதான் புரியும்.

எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. நான் எதையும் திரும்பப் படிக்காமல் அனுப்பியதில்லை. இதை அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

இபான்ரியின் பதில்: "இப்போது தெளிவாக இருக்கிறது, அங்கிள். நன்றி." பொம்மை எதுவும் இல்லை.

ஜனவரி 26, வெள்ளி

பந்தல்காரர் வந்து அளந்துகொண்டு போனார். வாழைமரத்துக்குச் சொல்ல வேண்டும். நாதஸ்வரக்காரருக்குத் தொண்டை சரியில்லையாம். ஊதுகிறவருக்குத் தொண்டை எதற்கு என்று உலகு கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். நானும்.

ஜனவரி 30, செவ்வாய்

முழங்கால் வலி. தட்டு விவரத்தை மண்டபத்தில் இரண்டு இடத்தில் ஒட்டிவைத்தால் நல்லது என்று ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தேன். உலகு பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில்தான் கடை. பிரிண்டை வாங்கி வரச் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்ற எண்ணம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. இருந்தாலும்.

வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். காகிதத்தை என் மேஜைமேல் வைத்து, பறக்காமல் இருக்க மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"எழுத்துக்கூட்டித்தாண்ணே படிச்சேன். சரியாத்தான் படிச்சிருக்கேனான்னு கடைக்காரப் பிள்ளைகிட்டயும் கேட்டுக்கிட்டேன்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காக எழுதியது என்று சொல்ல நினைத்தேன்.

"இத்தன வருசத்துல நீ எங்கிட்ட ஒரு நாளும் இதச் சொன்னதில்லயே. நானாத்தான் ஒதுங்குதேன்னு இருந்தேன். என் மரியாதைக்கு நானே தள்ளி நிக்கேன்னு. இப்பத்தான தெரியுது, நீ நிறுத்தி வச்சிருக்கன்னு."

குரல் உயரவில்லை. சத்துணவுக் கூடத்தில் முட்டை குறைகிறது என்று சொல்லும்போது எப்படிச் சொல்வாளோ அப்படி. பிறகு காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். அதைக் குடிக்கவும் செய்தேன்.

பிப்ரவரி 1, வியாழன்

உலகு பேசுகிறாள். பால்காரர், பூக்காரி, மேட்ச், எல்லாம் பேசுகிறாள்.

பிப்ரவரி 3, சனி

ரஞ்சனி வந்தாள். மேஜையில் கிடந்த பிரிண்ட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

நின்றபடியே முழுக்கப் படித்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பா, நீங்க கிர்மென ஒத்துக்கிட்டப்போ, எங்கப்பா ஜாதி பாக்கல, மதம் பாக்கலன்னு ஆஸ்பத்திரியில எல்லார்ட்டயும் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அத்தையைத் தேடிப் புறவாசலுக்குப் போனாள்.

மாலை முழுக்க இருவரும் அங்கேயே பூண்டு உரித்துக்கொண்டு இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அதை வாபஸ் வாங்கி ஒரு வரி எழுதினால் என்ன என்று தோன்றியது. மில்லில் எத்தனையோ சுற்றறிக்கையை ரத்து செய்து எழுதியிருக்கிறேன். போனை எடுத்தேன். 'எனது முந்தைய குறிப்பை' என்று தொடங்கினேன். அதற்குக் காரணம் எழுத வேண்டுமே. காரணம் என்ன என்று எழுத? அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்தார்கள். தென்காசி ஸ்டேஷனுக்கு நானும் கோமதியும் உலகுவும் போயிருந்தோம். குற்றாலத்தில் லாட்ஜ் போட்டிருக்கிறோம்.

மெரிடா அம்மாள் வீடியோவில் பார்த்ததைவிடக் குள்ளம். தோளில் முடிந்த அவர்கள் ஊர் உடை. வாய் சிவக்க வெற்றிலை. என்னிடம் கைகூப்பினார். மரியாதைக்குக் குறைவில்லை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோமதியைக் கட்டிக்கொண்டார். உலகு சற்றுத் தள்ளி, பெட்டிகளோடு நின்றிருந்தாள்.

"அது யார்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் தங்கை."

"அவர் கணவர் வரவில்லையா?"

"இறந்துவிட்டார்" என்றேன்.

 அம்மாள் நேரே உலகுவிடம் போனார். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையும் சுண்ணாம்பும், ஈரமான பாக்குத் துண்டு ஒன்றும் எடுத்து மடித்துக் கொடுத்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் அதைக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கமாம். இபான்ரி பிறகு சொன்னது. உலகு வாயில் போட்டு மென்றாள். நம் பாக்கு போல இல்லை அது. முகம் குப்பென்று வியர்த்து, காது சிவந்து, பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாள் தோள்துணி நுனியால் விசிறிவிட, உலகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

நான் போர்ட்டரிடம் பெட்டிக் கணக்கு பேசிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, சனி

நிச்சயதார்த்தம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மாலையில் மண்டப வாசலில் வரிசையாக நின்றார்கள். முதல் தட்டு இபான்ரி. அவள் கணவரும் வந்திருக்கிறார். மஞ்சள் கிழங்கு. இரண்டாவது வெற்றிலை பாக்கு, மூன்றாவது தேங்காய். வலது கால். தட்டு மார்புக்கு நேரே. நான் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "நம்மாளுகளே இப்பிடி வர மாட்டாவளே" என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

தட்டுகளை ஜமக்காளத்தில் இறக்கிவைத்தாயிற்று. ஐயர் தாம்பூலம் மாற்றக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து வந்தார். அப்போதுதான் சிதம்பரம் அண்ணன் முன்வரிசையிலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"மாப்பிள்ளையப் பெத்தவிய எங்கடே? அவியள விட்டுட்டா தாம்பூலம் மாத்தப் போறிய?"

சபை திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியும். ரஞ்சனி மேடையிலிருந்து என்னையே பார்த்தாள்.

நானே போனேன். எங்கே இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? பந்திக் கூடத்துக்குப் பின்னால், காய்கறி நறுக்கும் இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் மெரிடா அம்மாளும் உலகுவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் புதுப் பட்டு கட்டியிருந்தார். உலகுதான் கட்டிவிட்டிருக்க வேண்டும், கொசுவம் அவள் வைக்கிற மாதிரி இருந்தது. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. உலகு போனில் ரஞ்சனியின் சின்ன வயசுப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்கள் மேடைக்கு வர வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில்.

"நான் பின்புறம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே" என்றார். "இதுதானே பின்புறம்?"

"அது... பொதுவாக எழுதியது."

"இல்லை, மிஸ்டர் சங்கரலிங்கம். உங்கள் இங்கிலீஷ் மிகத் தெளிவாக இருந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை."

கோபமாகச் சொல்லவில்லை.   வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தப்பாக எழுதிவிட்டேன்" என்றேன். "தயவுசெய்து வாருங்கள்."

அம்மாள் உலகுவைக் காட்டினார். "இவரும் வருவாரா?"

"உலகு, நீயும் வா" என்றேன்.

உலகு எழுந்தாள். என் பக்கம் வரவில்லை.

"எனக்காக நீ வரலண்ணே. சபையில கேட்டுட்டாவன்னு வந்திருக்க. மாப்பிள்ள கேட்டிருந்தாலும் வந்திருப்ப, ஐயர் கேட்டிருந்தாலும் வந்திருப்ப." பிறகு அம்மாளின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீங்க வாங்க. பிள்ள காத்திட்டிருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அம்மாளுக்கு எப்படியோ புரிந்தது. உலகு அவரை மேடை ஜமக்காளம் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே விட்டுவிட்டு, அத்தனை பேர் பார்க்க, திரும்பி நடந்து பந்திக் கூடத்துக்கே போய்விட்டாள்.

தாம்பூலத் தட்டை மெரிடா அம்மாள் என் கையில் கொடுத்தார். வாங்கும்போது ஒரு வெற்றிலை நழுவிக் கீழே விழுந்தது. கோமதி குனிந்து எடுத்து வைத்தாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது.

உலகு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். மெரிடா அம்மாளோடு, அவர் மேகாலயாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தங்க நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, நேரே முன்வரிசைக்கு வந்து சிதம்பரம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு அவளிடம் ஏதோ கிரிக்கெட் பேசினார்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் உலகு காலில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு மெரிடா அம்மாள். அதற்குப் பிறகுதான் நாங்கள்.

நான் சபையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒருவர் முகமாவது சுளிக்கும், யாராவது யார் காதிலாவது பேசுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பந்திக்கு இடம் பிடிக்க எழுந்துபோனார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. வாடகைப் பாத்திரத்தில் ஒரு அண்டா மூடி குறைகிறது.

காலையில் உலகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது வாசல்வரை போனேன்.

"உலகு."

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

"ஆச்சு" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன். மாலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். முதல் குழந்தை விஷயத்தையும் சொன்னேன். பழியை வேறு யார்மேலாவது போட வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய் என்று சொன்னேன். அண்ணன் சொல்வார், கோமதிக்குப் பிடிக்காது என்றெல்லாம் நானே நம்பிக்கொண்டேன் என்று சொன்னேன். எழுதுகிற மாதிரிக் கோவையாக வரவில்லை. பாதியில் அழுதுவிட்டேன். அதைப் பார்த்து அவள் அழவில்லை.

என் சட்டையை மடித்து முடித்தாள்.

"தெரியும்ணே. அந்தப் பிள்ள போன அன்னைக்கே நீ என்னப் பாத்த பார்வையில தெரியும்" என்றாள். "மறந்திருப்பன்னு நெனச்சேன்."

பிறகு அவளே சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறாளாம். டீச்சர் ஒருத்தி இருந்துவிட்டு மாற்றலாகிப் போன வீடு.

"எம்மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல. உன் வீட்டுல எனக்கு ஓரமா நின்னே பழகிப் போச்சு. என் வீடுன்னா நான் எங்கன நிப்பேன்னு பாக்கணும்லா."

பிப்ரவரி 25, ஞாயிறு

கோமதி இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. ரஞ்சனி போனில் அத்தையிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாள். டிவி பெட்டியை உலகு எடுத்துப் போகட்டும் என்றேன். வேண்டாம், வேறு வாங்கிக்கொள்வேன் என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

உலகு வீட்டில் பால் காய்ச்சினாள். ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் முருங்கை. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேர், சத்துணவுச் சமையல் அம்மாள், கோமதி, நான். ஷில்லாங்கிலிருந்து வீடியோ காலில் ரஞ்சனியும் மெரிடா அம்மாளும்.

அடுப்பை உலகுவே பற்றவைத்தாள். அவளே பாலை ஊற்றினாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். எனக்கு அங்கே எங்கே நிற்பதென்று தெரியவில்லை. வாசல்படியோரம் நின்றுகொண்டேன். பால் பொங்கி வழிந்தது. கோமதி குலவையிட்டாள். போனுக்குள்ளிருந்து மெரிடா அம்மாளும் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார்.

உலகு டம்ளரோடு என்னிடம் வந்தாள்.

"ஏண்ணே அங்கனயே நிக்க? உள்ள வா."

குத்திக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள். உள்ளே போனேன். பாலில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குடித்து முடித்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். அலமாரி காலியாக இருந்தது. பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

"இத எங்கன வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எங்கன வேணும்னாலும் வையி. இன்னும் எதுக்கும் இடம் வைக்கல" என்றாள்.

தரையில் வைத்தேன்.